வெள்ளத் தடுப்பும் நிலப் பயன்பாடும்: சிங்கப்பூரில் எந்த அமைப்பு எதற்குப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுவினர், கடைவீட்டு உரிமையாளர்கள், தரைவீட்டை இடித்துக் கட்டுபவர்கள், கட்டுமானத் தளங்களில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. வடிகால் ஓர் அமைப்பிடம், சாலை இன்னொன்றிடம், பூங்கா மற்றொன்றிடம், கடலோர நிலம் வேறொன்றிடம். மழைத்தண்ணீர் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. ஓர் அமைப்பின் பொறுப்பு முடிந்து அடுத்ததன் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான் சிக்கல்களில் பெரும்பாலானவை முளைக்கின்றன. அதனால் கீழே உள்ள பதில்கள் அந்த எல்லைக்கோடுகளையே சுற்றி வருகின்றன.

சிங்கப்பூரில் ஆற்றங்கரை அணைகள் உண்டா? எங்கும் கண்ணில் படுவதில்லையே?

மிசிசிப்பி, காவிரி போன்ற ஆறுகளின் இருபுறமும் மைல் கணக்கில் நீளும் மண்கரைகள் இங்கே இல்லை. நம் ஆறுகள் குறுகியவை. மேட்டில் பெய்த மழை சிறிது நேரத்திலேயே கடலுக்கு வந்துவிடும். அதனால் கரை எழுப்பித் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக நிலத்தையே உயர்த்துவது, வடிகாலை அகலப்படுத்துவது, ஆற்று முகத்துவாரத்தில் கதவு போடுவது என்ற மூன்று வழிகளை நாடு நம்பியிருக்கிறது. 1970களில் ஏறக்குறைய 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயப் பகுதியாக இருந்தது. இன்று அது 30 ஹெக்டருக்கும் குறைவு. 1978 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் 512 மி.மீ. மழை கொட்டி 7 பேர் உயிரிழந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

உண்மையான வெள்ளக்கரை வேண்டுமென்றால் தெக்கோங் தீவைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

எந்த அமைப்பு என்ன செய்கிறது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பொதுப் பயனீட்டுக் கழகம், அதாவது பியூபி, 2001 முதல் நாட்டின் வடிகால்களுக்குப் பொறுப்பான அமைப்பு. 2020 ஏப்ரலில் கடலோரப் பாதுகாப்பும் அதனிடம் வந்தது. குடிநீர், கழிவுநீர், மழைநீர், கடல்நீர் நான்கும் ஒரே கூரையின்கீழ் இருப்பது பல நாடுகளில் இல்லாத வசதி.

எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதைப் பெருந்திட்டத்தின் வழியாக முடிவுசெய்வது நகர மறுசீரமைப்பு ஆணையம். அரசு நிலம், கரையோர நிலம் ஆகியவற்றின் நிர்வாகம் சிங்கப்பூர் நில ஆணையத்திடம். சாலையின் உயரமும் சுரங்கப் பாதைகளும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம். பூங்காக்கள், சதுப்புநிலக் காடுகள் தேசியப் பூங்காக் கழகத்திடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, நகரங்களைக் கட்டுவதோடு நிலமீட்புப் பணிகளையும் செய்கிறது. ஜூரோங் தீவு, துவாஸ் போன்ற தொழிற்பேட்டைகள் தொழில்துறை நிலங்களைக் கவனிக்கும் ஜேடிசி கழகத்திடம். கடலுக்குள் எதைக் கட்டினாலும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஒப்புதல் தேவை. கட்டடத்தின் உறுதி கட்டட, கட்டுமான ஆணையத்தின் பொறுப்பு. வடிகாலில் கொசு வளர்ந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் வரும். புளோக்கைச் சுற்றியுள்ள சிறு வடிகால்களைக் கவனிப்பது நகர மன்றம். உங்கள் வேலிக்குள் இருக்கும் வடிகால் உங்களுடையது. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை அமைப்புகள் இருந்தால் யாருடைய சொல் எடுபடும்?

வடிகால் விஷயத்தில் பியூபியின் சொல். அதற்கான அதிகாரம் 1999ஆம் ஆண்டின் கழிவுநீர், வடிகால் சட்டத்திலிருந்து வருகிறது. நடைமுறையில் அது ஒப்புதல் வரிசையாகச் செயல்படுகிறது. முதலில் மேம்பாட்டுத் திட்டத்துக்கான ஒப்புதல், அடுத்து கட்டட வரைபடத்துக்கான ஒப்புதல், கடைசியில் தற்காலிகக் குடியேற்ற அனுமதி. ஒவ்வொரு படியிலும் தகுதிபெற்ற நிபுணர், அதாவது பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர், வடிகால் வரைபடத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். பியூபி கையெழுத்திடாமல் கட்டடத்துக்குள் யாரும் குடிபோக முடியாது.

சிங்கப்பூரின் உண்மையான வெள்ளக்கரை இந்த அனுமதி வரிசைதான் என்பது எங்கள் கருத்து. கட்டி முடித்தபின் நிலத்தை 30 செ.மீ. உயர்த்த முடியாது. அதைக் காகிதத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

முன்பு ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, ஒருவர் கேட்ட மாற்றத்தை இன்னொருவர் மறுக்கும் நிலை இருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் என்ற மின்னணு ஒப்புதல் முறையில் ஒரே முப்பரிமாண மாதிரியை எல்லா அமைப்புகளும் ஒன்றாகப் பார்த்துப் பதில் தருகின்றன. வடிகாலுக்கு ஒதுக்கிய இடத்தில் மரம் நட வேண்டும் என்று ஒருவரும், தீயணைப்பு வண்டி போக வழி வேண்டும் என்று மற்றவரும் கேட்பது வடிவமைப்புக் கட்டத்திலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வரைபடத்தில் 104.0 என்று எழுதியிருக்கிறது. மனை 104 மீட்டர் உயரத்திலா இருக்கிறது?

இல்லை. சிங்கப்பூர் நில அளவையில் சராசரி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 100 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எதிர்மறை எண்கள் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. 104.0 என்றால் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4 மீட்டர்.

சாதாரணக் கட்டடங்களுக்கான குறைந்தபட்சத் தள மட்டம், அதாவது கட்டடம் நிற்கும் தரையின் உயரம், தென்கரைப் பகுதியில் 104.0, வடகரைப் பகுதியில் 104.5. அல்லது பக்கத்துச் சாலையைவிட, நிலத்தைவிட 300 மி.மீ. உயரம். இவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட இடத்துக்கு பியூபி வேறு மட்டம் சொன்னால் அதுவே இறுதி. நிலத்தடி எம்ஆர்டி நிலையம், மருத்துவமனை, விமான நிலையம் போன்றவற்றுக்கு விதி இன்னும் கடுமையானது. நிலமீட்பு செய்யும் நிலங்களின் குறைந்தபட்ச உயரம் 2011ல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் கடல்மட்டத்துக்கு 5.5 மீட்டர் மேலே கட்டப்படுகிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. தரைத்தளத்தை விதிப்படி உயர்த்திவிட்டு, கீழ்த்தள கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவுப் பாதையின் முகட்டை, அதாவது தண்ணீர் உள்ளே வழியத் தொடங்கும் உயரத்தை, கவனிக்காமல் விடுவது. தண்ணீருக்கு ஒரு வாசல் போதும். சரிவுப் பாதை, காற்றுத் துளை, மின்வடக் குழாய், பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் நிலத்தடி வழி என எல்லாத் திறப்புகளின் முகடும் தள மட்டத்தைவிட உயர்வாக இருக்க வேண்டும். இரண்டு கடைத்தொகுதிகள் நிலத்தடியில் இணைந்திருந்தால், இரண்டில் தாழ்வான வாசல் எதுவோ அதுதான் இரண்டுக்கும் பாதுகாப்பு மட்டம்.

என்னுடையது பாதுகாக்கப்பட்ட கடைவீடு. ஐந்தடிப் பாதையை, அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையை, உயர்த்த அனுமதி இல்லை. என்ன செய்வது?

இரண்டு விதிகள் மோதும் இடம் இது. ஐந்தடிப் பாதை பக்கத்துக் கடைகளோடு சமமாகப் போக வேண்டும், முகப்பு மாறக்கூடாது என்பது மரபுக் கட்டடப் பாதுகாப்பு விதி. உயர்த்து என்பது வடிகால் விதி. பழைய கடைவீடுகளில் இதற்குத் தீர்வு கழற்றி மாட்டும் வெள்ளத் தடுப்புப் பலகை. அலுமினியப் பலகைகளை வாசலின் இரு பக்கத் தூண் சட்டங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியிலும் பக்கங்களிலும் ரப்பர் பட்டையால் இறுக்குவார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 மி.மீ. ஆழத் தண்ணீர் ஒரு மீட்டர் அகலப் பலகையைத் தள்ளும் விசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். 600 மி.மீ. ஆழமானால் அது 180 கிலோ. உயரம் இரட்டிப்பானால் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. 3 மீட்டர் வாசலில் 600 மி.மீ. தண்ணீர் நின்றால் அரை டன்னுக்கும் மேல். செங்கல் சுவரில் சாதாரணத் திருகாணியால் பொருத்திய சட்டம் இதைத் தாங்காது. சட்டம் கான்கிரீட்டில் பதிய வேண்டும், பொறியாளர் ஒருவர் கணக்கிட வேண்டும். கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் சட்டத்தைப் பொருத்துவதற்கு முன்பே நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகை நன்றாக நின்றும் கடைக்குள் தண்ணீர் வந்தால் காரணம் பெரும்பாலும் பின்னால் இருக்கும். சமையலறைத் தரைவாய் வழியாக வடிகால் தண்ணீர் எதிர்த்து ஏறியிருக்கும். அதற்கு ஒருவழி வால்வு வேண்டும். அடுத்த காரணம் மனிதர் சார்ந்தது. பலகைகள் மாடியில், பெட்டிகளுக்குப் பின்னால், பூட்டிய அறையில் கிடக்கும். திடீர் வெள்ளம் உங்களுக்குக் கால் மணி நேரம்கூடத் தராது. பலகை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், வரிசை எண் அதன்மேல் எழுதியிருக்கட்டும், இரவு வேலையில் இருப்பவருக்கும் மாட்டத் தெரிந்திருக்கட்டும்.

தரைவீட்டை இடித்துக் கட்டி மேடாக்கினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாதா?

போகும், நீங்கள் வடிகால் போடாவிட்டால். உயர்த்திய மனையின் ஓரத்தில் தாங்குசுவரும், அதன் உட்புறம் உங்கள் தண்ணீரைப் பிடித்துச் சாலையோர வடிகாலுக்குக் கொண்டுபோகும் சிறு கால்வாயும் வேண்டும். வேலிக்கு அடியில் துளை விட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளுவது தவறு. பக்கத்து வீட்டின் தண்ணீர் இதுவரை உங்கள் மனை வழியாக வடிந்துகொண்டிருந்தால், அந்த வழியை மண் கொட்டி அடைக்கவும் கூடாது. அதற்கு மாற்று வழி விட வேண்டும். மனையை உங்கள் விருப்பத்துக்கு உயர்த்தவும் முடியாது. பியூபி கேட்கும் மட்டத்துக்கு உயர்த்துவது ஒன்று, நல்ல காட்சிக்காக உயர்த்துவது வேறு. இரண்டாவதை நகர மறுசீரமைப்பு ஆணையம் எளிதில் ஏற்காது.

0.2 ஹெக்டர் விதி என்றால் என்ன?

2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டர், அதாவது 2,000 சதுர மீட்டர், அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டினாலோ மறுமேம்பாடு செய்தாலோ, மழைநீர் வெளியேறும் உச்ச வேகத்தை மனைக்குள்ளேயே மட்டுப்படுத்த வேண்டும். பத்து ஆண்டு மழைக்கு வெளியேற்றக் கெழு, அதாவது பெய்யும் மழையில் வடிகாலுக்கு ஓடும் பங்கு, 0.55க்கு மேல் போகக்கூடாது. பத்து ஆண்டு மழை என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளில்லை. எந்த ஆண்டிலும் வருவதற்குப் பத்து விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வரலாம்.

உதாரணத்துக்கு 0.4 ஹெக்டர் மனை. பெரும்பாலும் கூரையும் கான்கிரீட்டும் என்பதால் கெழு 0.9 என்று வைத்துக்கொள்வோம். மழை மணிக்கு 180 மி.மீ. வேகத்தில் பெய்கிறது. கெழு, மழைவேகம், பரப்பு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். கட்டுப்பாடு இல்லாமல் 0.18. அனுமதிக்கப்பட்டது 0.11. வித்தியாசம் விநாடிக்கு 0.07 கன மீட்டர், அதாவது 70 லிட்டர். இப்படிக் கால் மணி நேரம் நீடித்தால் 63 கன மீட்டரைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். இது தோராயக் கணக்கு. உண்மை வடிவமைப்பில் மழை ஏறி இறங்கும் வளைவையும், தொட்டி நிரம்ப நிரம்ப வெளியேற்ற வேகம் மாறுவதையும் பொறியாளர் சேர்த்துக் கணக்கிடுவார்.

தொட்டிதான் கட்ட வேண்டும் என்பதில்லை. மழைத் தோட்டம், தண்ணீர் தேங்கி வடியும் பள்ளத் தோட்டம், பசுமைக் கூரை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கலாம். இடம் குறைவான மனைகளில் கடைசியில் தொட்டிதான் வருகிறது.

தொட்டி கட்டியாகிவிட்டது. பிறகும் சாலையில் தண்ணீர் நிற்கிறதே?

கட்டி முடித்துக் குடியேற்ற அனுமதி வாங்கியபின் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிர்வாக முகவர் மாறுகிறார், வரைபடம் தொலைகிறது, தொட்டி எங்கே இருக்கிறது என்பதே புதியவருக்குத் தெரிவதில்லை. இப்படிக் கைவிடப்படும் தொட்டிகள் எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருகின்றன. ஒரு தெருவில் பத்துத் தொட்டிகள் இருந்து நான்கு வேலை செய்யாவிட்டால், பொது வடிகாலின் வடிவமைப்புக் கணக்கே தவறிவிடும்.

பழுதுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளியேற்றத் துளையில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும், தொட்டி வடியாது, அடுத்த மழை வரும்போது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இரண்டாவது, யாரோ ஒருவர் வடிவதில்லை என்று துளையைப் பெரிதாக்கிவிடுவார். அப்போது தொட்டி காலியாகவே இருக்கும், தண்ணீர் முழு வேகத்தில் சாலைக்குப் போகும். இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதலாவதைவிட மோசம். மூன்றாவது, தொட்டியைச் சாமான் அறையாகப் பயன்படுத்துவது. நான்காவது, பம்ப். தாழ்வான தொட்டியில் வேலைக்கு ஒரு பம்பும் மாற்றுக்கு ஒன்றும் இருக்கும். மாற்றுப் பம்பை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. முதல் பம்ப் பழுதாகும் நாளில்தான் இரண்டாவது துருப்பிடித்துக் கிடப்பது தெரியவரும். மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், மிதவை விசையைக் கையால் தூக்கி எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

மழை நின்றபின் தொட்டி பொதுவாக 4 மணி நேரத்துக்குள் காலியாக வேண்டும். அடுத்த மழைக்கு இடம் வேண்டும் என்பது முதல் காரணம். அடியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் தங்கினால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு பறக்கும் என்பது இரண்டாவது. அப்போது கதவைத் தட்டுவது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதனால் தொட்டியின் தரை ஒரு குழியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

பூங்காவை வெள்ளச் சமவெளியாக வைத்துக்கொள்ள முடியுமா?

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். முன்பு காலாங் ஆறு அங்கே 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாய். ஒரு பக்கம் பியூபியின் வேலி, மறுபக்கம் பூங்காக் கழகத்தின் புல்வெளி. இரு அமைப்புகளும் தங்கள் எல்லைக் கோட்டை அழித்துவிட்டு ஒன்றாகத் திட்டமிட்டன. 2012ல் 62 ஹெக்டர் பூங்காவுக்குள் 3.2 கி.மீ. நீளத்துக்கு வளைந்து ஓடும் ஆறு உருவானது. சாதாரண நாளில் ஓடை. பெருமழையில் இருபுறப் புல்வெளியும் சேர்ந்து 100 மீட்டர் வரை அகன்ற வெள்ளப்பாதை. கரையைக் கான்கிரீட் இல்லாமல் செடி வேர்களாலும் கற்களாலும் நிறுத்தும் முறைகளை முதலில் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு வடிகாலில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆற்றில் செய்தார்கள்.

மக்கள் உட்கார்ந்திருக்கும் புல்வெளி வெள்ளப்பாதையாக மாறும் என்பதால் நீர்மட்ட உணர்கருவி, சைரன், மினுங்கும் விளக்கு, அறிவிப்பு எல்லாம் இருக்கின்றன. சைரன் கேட்டால் மேட்டுக்கு நடந்துவிடுங்கள். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்யாமல் மேல்பகுதியில் மட்டும் பெய்திருந்தாலும் ஆறு ஏறும்.

ஒரே நிலத்துக்கு இரண்டு பயன் என்ற இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆற்றை அகலமாக்க நிலம் வேண்டும். அங்கே பூங்கா நிலம் ஏற்கெனவே அரசிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கடைவீடுகள் நெருக்கும் ரோச்சோர் போன்ற பகுதியில் அந்த அகலத்துக்கு இடமில்லை.

ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்தது ஏன்? அதன்பின் என்ன மாறியது?

2010 ஜூன் 16ல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் இணைப் பாதைகளில் ஒன்றைக் குப்பையும் கிளைகளும் அடைத்துவிட, எல்லாத் தண்ணீரும் மற்றதற்குள் போய், நிரம்பிச் சாலையில் ஏறியது. 2011லும் அங்கே வெள்ளம் வந்தது. அடைப்பு உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுதும் கட்டடமாகிவிட்டதும், கால்வாயை அகலப்படுத்த இடமே இல்லாமல் போனதும்.

சாலையைச் சராசரியாக 30 செ.மீ. உயர்த்தினார்கள். நிபுணர் குழு ஒன்று 2012 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதன்பின் நாட்டின் அணுகுமுறையே மாறியது: மழை விழும் இடம், தண்ணீர் ஓடும் வழி, தண்ணீர் பாதிக்கும் இடம் ஆகிய மூன்றிலும் வேலை செய்வது. மேலே சொன்ன 0.2 ஹெக்டர் விதி முதலாவதிலிருந்து பிறந்தது. இரண்டாவதான தண்ணீர் ஓடும் வழிக்காக 2018ல் இரண்டு கட்டுமானங்கள் முடிந்தன. ஒன்று, பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்கு அருகே டையர்சால் அவென்யூவில் நிலத்துக்கடியில் 38,000 கன மீட்டர் தொட்டி. மற்றொன்று, மேல்பகுதித் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கி.மீ. கால்வாய். மூன்றாவதான பாதிக்கும் இடம் கட்டட உரிமையாளர்களின் பங்கு: தடுப்புப் பலகை, முகடு, பம்ப்.

மரினா அணைக்கட்டு எப்படி வேலை செய்கிறது?

சிங்கப்பூரின் ஆறில் ஒரு பங்கான 10,000 ஹெக்டரின் மழைநீர் அங்கே வந்து சேர்கிறது. 350 மீட்டர் நீளத்தில் 9 கதவுகள். கடல் இறங்கியிருக்கும்போது மழை பெய்தால் கதவைத் தாழ்த்தினால் போதும், தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகும். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். அப்போது 7 பம்புகள் இயங்கும். ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர். ஏழும் ஓடினால் 280. ஒரு நிமிடத்தில் ஆறு ஒலிம்பிக் நீச்சல் குளங்களுக்கும் மேல்.

2008ல் திறக்கப்பட்டபின் சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு இது நிம்மதி தந்தது. ஆனால் தண்ணீர் முதலில் தெருவிலிருந்து அங்கே வந்து சேர வேண்டும். உங்கள் தெரு வடிகால் நிரம்பி வழிந்தால் அணைக்கட்டின் பம்புகளால் உதவ முடியாது. அணைக்கட்டுக்குள் இருப்பது குடிநீர்த் தேக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கத்தை நிறைத்துவைக்க வேண்டும் என்பது நீர் விநியோகத்தின் தேவை, காலியாக வைக்க வேண்டும் என்பது வெள்ளத் தடுப்பின் தேவை. இரண்டும் ஒரே கழகத்திடம் இருப்பதால் முடிவு விரைவாக எடுக்கப்படுகிறது.

கடலோரத்துக்கு ஒரே பெரிய சுவர் எழுப்பிவிடலாமே?

நாட்டின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்துக்கு 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024ல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. கடல் ஏற்றமும் புயல் எழுச்சியும் சேர்ந்தால் நீர்மட்டம் 4, 5 மீட்டரைத் தொடலாம்.

சுவர் கடலைத் தடுக்கும், ஆனால் உள்ளே பெய்யும் மழை வெளியேறுவதையும் தடுக்கும். சுவரில் ஆறு வெளியேறும் ஒவ்வோர் இடத்திலும் கதவும் பம்ப் நிலையமும் வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட்டில் அப்படிச் செய்தால் 12 இடங்களில் வேண்டும், பூங்காவின் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் கரைக்கு வெளியே ஏறக்குறைய 800 ஹெக்டர் நிலத்தை உயரமாக மீட்டு, இடையில் நாட்டின் 18ஆவது நீர்த்தேக்கத்தை உருவாக்கும் லாங் ஐலண்ட் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையம், வீவக, பியூபி மூன்றும் சேர்ந்து ஆய்வு செய்கின்றன. கடல் தடுப்பு, வீட்டு நிலம், குடிநீர் மூன்றும் ஒரே கட்டுமானத்தில் சேரும்போது எந்த ஓர் அமைப்பாலும் தனியே முடிவெடுக்க முடியாது.

வடமேற்குக் கரையில் நிலைமை வேறு. சுங்கை காடுட், லிம் சூ காங் பக்கம் சதுப்புநிலக் காடுகள் இருக்கின்றன. காட்டுக்குப் பின்னால் நேராகச் சுவர் எழுப்பினால், கடல் உயரும்போது மரங்கள் உள்நோக்கி நகர இடமின்றி மூழ்கும். வண்டல் வந்து படியும் வேகமும் கடல் உயரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இங்கே பூங்காக் கழகத்தின் குரலுக்கு எடை அதிகம், அது சரியானதும்கூட. ஜூரோங் தீவுக்கான ஆய்வு ஜேடிசியின் தலைமையில் நடக்கிறது. கடலோர, வெள்ளப் பாதுகாப்பு நிதிக்கு 2020ல் 5 பில்லியன் வெள்ளியும் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 5 பில்லியனும் ஒதுக்கப்பட்டன.

தெக்கோங் தீவில் என்ன இருக்கிறது?

நாட்டின் முதல் போல்டர், அதாவது கடலில் கரைகட்டி நீரை இறைத்து உருவாக்கிய தாழ்நிலம். 2016ல் அறிவிக்கப்பட்டு வீவக கட்டியது. 810 ஹெக்டர் நிலத்தைச் சுற்றி 10 கி.மீ. கரை. உள்ளே நிலம் கடல்மட்டத்தைவிடத் தாழ்வு. கடலை மண்ணால் முழுதும் நிரப்பாமல் கரைகட்டித் தண்ணீரை இறைத்து நிலமாக்கியதால் மணல் பெருமளவு மிச்சமானது. அதற்கான விலை, பம்புகளை என்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. மழைநீரையும் கசிவுநீரையும் வடிகால்கள் ஒரு குளத்துக்குக் கொண்டுவர, பம்ப் நிலையம் கடலுக்கு இறைக்கிறது. நிலம் ராணுவப் பயிற்சிக்கு. போல்டருக்குள் வீடுகள் கட்டுவதாக இருந்தால் பாதுகாப்புக் கணக்கு இதைவிட எவ்வளவோ கடுமையாக இருக்க வேண்டும்.

என் மனைக்குள் வடிகால் ஒதுக்கீடு, அதாவது வடிகாலுக்கென ஒதுக்கிய நிலப்பட்டை, போகிறது. அதன்மேல் கூரை போடலாமா?

கூடாது. வடிகால் ஒதுக்கீட்டில் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் வரக்கூடாது. தூர்வாரும் இயந்திரம் போக வழி வேண்டும். மனை வாங்குவதற்கு முன் பியூபியிடம் வடிகால் விளக்க வரைபடம் வாங்கிப் பாருங்கள். ஒதுக்கீடு எங்கே, எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும்.

வடிகால் அடைத்திருக்கிறது. யாரிடம் சொல்வது?

ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்துப் போடுங்கள். உரிய அமைப்புக்கு அதுவே அனுப்பும். சாலையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்றால் பியூபியின் 24 மணி நேர எண் 1800-2255-782. படத்தில் அடைப்பு மட்டும் தெரிந்தால் போதாது. புளோக் எண்ணோ விளக்குக் கம்பத்தின் எண்ணோ தெரியட்டும். வடிகால் சாலையோரமா, புளோக்கின் அடியா, வேலிக்குள்ளா என்று ஒரு வரி எழுதினால், இது நம்முடையதல்ல என்று அமைப்புகளுக்கிடையே கை மாறுவது குறையும். கம்பி மூடியை நீங்களே தூக்க வேண்டாம். தண்ணீர் நிற்கும்போது திறந்த வடிகால் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒருவர் விழுந்தால் வெளியே வருவது கடினம்.

தீபாவளிச் சந்தைக்குக் கூடாரம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தீபாவளிக் காலமும் பிற்பகல் இடிமழைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. கூடாரத்தின் பலகைத் தளம் சாலையோர நீர்வாய்களை மூடிவிடுவதுதான் முதல் சிக்கல். தளத்துக்கும் சாலைக்கும் இடையில் தண்ணீர் ஓட இடைவெளி விடுங்கள். நீர்வாய்க்கு மேல் தளத்தில் கழற்றக்கூடிய பலகை வையுங்கள். கூடாரக் கூரையின் தண்ணீரைப் பக்கத்துக் கடையின் ஐந்தடிப் பாதையில் கொட்ட விடாதீர்கள். மாலை கட்டிய வாழைநார், பூத்தண்டு, இலைகள் எல்லாம் அன்றன்று மூட்டையில் போகட்டும். ஈரமான இலை கம்பி மூடியில் படிந்தால் ஒரு தகடு போலவே அடைத்துக்கொள்ளும்.

கட்டுமானத் தளத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் போகலாமா?

வெளியேறும் தண்ணீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் குற்றம். சேறு வடிகாலில் படிந்தால் அதன் கொள்ளளவு குறையும், விளைவு தெருக்கோடியில் இருப்பவருக்கு. திறந்த மண்ணைத் தார்ப்பாயால் மூடுவது, வேலியோரம் வண்டல் தடுப்பு போடுவது, சுற்று வடிகால் வெட்டித் தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுவருவது என்பது வரிசை. சுத்திகரிப்பு இயந்திரத்தை மட்டும் நம்பி மண்ணைத் திறந்து வைத்தால் பெருமழையில் இயந்திரம் திணறிவிடும்.

கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் புகுந்தால் முதலில் என்ன செய்வது?

ஆட்களை வெளியேற்றுங்கள், சரிவுப் பாதையை மூடுங்கள். காரை எடுக்க யாரும் கீழே இறங்கக் கூடாது. சரிவில் இறங்கும் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் கால் நிலைக்காது, காரின் கதவும் திறக்காது. மின்தூக்கிகளை மேல்மாடிக்கு அனுப்பி நிறுத்துங்கள். கீழே போனால் குழியில் உள்ள தண்ணீருக்குள் இறங்கும். மின்விசைப் பலகை கீழ்த்தளத்தில் இருந்தால், தண்ணீர் அதைத் தொடுவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளர் மேலிருந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பம்புக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி அதே பலகையில் இணைந்திருந்தால் பம்பும் நின்றுவிடும். அதற்குத் தனி இணைப்பும், தரைத்தளத்தில் பெட்டியும் இருக்கும்படி முன்கூட்டியே மாற்றிவைப்பது நல்லது.

தண்ணீர் வடிந்தபின் சுவரில் நீர்மட்டக் கறை காய்வதற்குள் அதன் உயரத்தை அளந்து, எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து, கண்காணிப்புக் கேமராப் பதிவைச் சேமித்து வையுங்கள். பியூபிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இந்த மூன்றும் தேவைப்படும். முகட்டை எத்தனை மி.மீ. உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் கணக்கிடுவதும் இவற்றைக் கொண்டுதான்.